பீச் ஹவுஸுக்கு 18,999 ரூபாய் கட்டிட்டு திருவொற்றியூர் மாடியில படுத்த ரெண்டு நாள்

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி போனை நீட்டி "யக்கா, இந்த வீடு நல்லாருக்கா பாருங்களேன், பாண்டில, கடலுக்கு நேரா, அட்வான்ஸ் ரெண்டாயிரம் தான் கேக்குறாங்க"ன்னு காட்டுனா. அதே மர ஊஞ்சல். அதே நீலக் கலர் ஜன்னல். ரெண்டு நாள் வாடகைக்குன்னு என்கிட்ட பணத்தைப் புடுங்கி ஏமாத்துனவன் அதை சென்னைக்கு தெக்க இருக்கிற கோவளம்னு சொன்னான், இவகிட்ட பாண்டின்னு சொல்றான். கை கால் எல்லாம் அப்படியே ஆடிடுச்சு எனக்கு. அவகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன், ஆனா ஏன்னு முழுசா சொல்ல வாய் வரல. இது நடந்து முடிஞ்ச அப்புறமும் நான் நாலு பேருக்கு மேல யார்கிட்டயும் சொல்லல, படிச்ச பொம்பள இப்படி ஏமாந்துட்டாளேன்னு நினைப்பாங்கன்னு ஒரு கூச்சம். அந்த கூச்சத்தை விட்டுட்டு இன்னிக்கி எல்லாத்தையும் எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். எனக்கு அன்னிக்கி யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்.

எங்க வீடு புது வண்ணாரப்பேட்டை. அப்பா ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, கடைசி ரெண்டு வருஷம் படுத்த படுக்கை, அம்மா தான் எல்லாம் பாத்தாங்க. அவர் போயி 2025 ஜனவரியில வருஷ திதி முடிஞ்சுது. அந்த மூணு வருஷத்துல அம்மா ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, மார்க்கெட் தவிர எங்கயும் போகல. திதி முடிஞ்ச அன்னிக்கி ராத்திரி சாமான் கழுவிட்டே "கடலப் பாத்தே எவ்ளோ நாளாச்சு"ன்னு யார்கிட்டயோ சொல்ற மாதிரி சொன்னாங்க. எங்க வீட்லேர்ந்து கடல் கால் மணி நேர நடை. ஆனா எங்க பக்கம் கரை பூரா கருங்கல்லு கொட்டி வெச்சிருக்கும், காலை நனைச்சு நிக்க மணல் கிடையாது. ஹார்பர் கட்டுனதுலேர்ந்து தெக்க மெரினா பக்கம் மண்ணு சேந்துக்குனே போச்சு, வடக்க எங்க பக்கம் கரையை அரிச்சுக்குனே வந்துச்சு. அம்மா சின்ன வயசுல ஓடி விளையாடுன இடமெல்லாம் இப்ப தண்ணிக்குள்ள. அதனால ஒரு ரெண்டு நாள் நல்ல மணல் இருக்கிற கடலா பாத்து அம்மாவை இட்டுனு போகணும், வேலை எதுவும் செய்யாம ஊஞ்சல்ல உக்காந்து கடலைப் பாக்கணும் அவங்கன்னு ஆசைப்பட்டேன். என் வீட்டுக்காரர் கப்பல்ல மோட்டார்மேன், அப்ப அவர் நடுக்கடல்ல, பேசுறதே பத்து நாளைக்கு ஒரு தடவை. அதனால எல்லாத்தையும் நானே தான் பாத்தேன், கேட்டு முடிவு பண்ண ஆளில்ல.

ஊஞ்சல் போட்டோ ஒரு பேஜ்ல வந்துச்சு. பதினாலாயிரம் பேர் ஃபாலோ பண்றாங்க, கமெண்ட் மட்டும் யாரும் போட முடியாத மாதிரி மூடி வெச்சிருந்தான், அது அப்ப கண்ல பட்டும் மனசுல படல. வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டேன். மரியாதையா பேசுனான், "அம்மாவுக்கு கீழ் ரூம் குடுக்குறோம் மேடம், படி ஏற வேணாம்"னான். அந்த ஒரு வார்த்தையில தான் நான் விழுந்தேன்னு இப்ப தோணுது. ரெண்டு ராத்திரிக்கு 9,000, பாதி அட்வான்ஸ். 4,500 அனுப்புனேன். ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் போட்டு பில்லு வந்துச்சு, கூடவே அவனோட ஆதார் காப்பியும் அனுப்புனான். கிளம்புறதுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, வீட்டு ஓனர் முழுப்பணமும் முன்னாடியே வேணும்னு சொல்றார்னு மிச்சம் 4,500. சனிக்கிழமை காலைல கேப் ஏறுன அப்புறம், திருப்பித் தர்ற டெபாசிட் 5,000 கட்டுனா தான் சாவி குடுப்பாங்கன்னு மெசேஜ். பின் சீட்ல என் பொண்ணு பாப்பா ஜன்னல் பக்கம் உக்காந்து பாட்டு பாடிட்டு வர்றா, அம்மா புதுப்புடவை கட்டியிருக்காங்க, பாதி வழி வந்தாச்சு, இப்ப போய் வேணாம்னு எப்படி சொல்றதுன்னு அதையும் அனுப்பிட்டேன். இதைத் தனியா கவனிங்க, நாம பின்வாங்க முடியாத நேரம் பாத்து தான் பெரிய தொகையா கேப்பான். கிளம்புன அப்புறம் பணம் கேட்டா அதுவே ஒரு அறிகுறி.

வீடு நிஜமாவே இருந்துச்சு. அதான் கொடுமை. மேப்புல குடுத்த இடத்துல அதே நீல ஜன்னல், அதே ஊஞ்சல், கேட்ல பெரிய பூட்டு. வாட்ச்மேன் ஐயா ஒருத்தர் வந்து எங்க பைகளைப் பாத்தவுடனே அவருக்கே புரிஞ்சுடுச்சு. "இது வாடகைக்கு விடுற வீடு இல்லம்மா, எப்பவோ விட்டாங்க, அந்த போட்டோவ எவனோ எடுத்து போட்டு ஏமாத்துறான், இந்த மாசத்துல நீங்க மூணாவது ஃபேமிலி"ன்னாரு. கேப்காரர் இறக்கி விட்டுட்டு கிளம்பிட்டாரு, அதுக்கு 1,700. மத்தியானம் பன்னெண்டரை மணி வெயில். அம்மாவையும் பாப்பாவையும் எதிர்ல இருந்த டீக்கடை பெஞ்சுல உக்கார வெச்சுட்டு, சாவி வர லேட்டாகும்னு பொய் சொல்லிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் அவனுக்கு போன் போட்டேன்.

எடுத்தான். அதுவும் எப்படி, எனக்காக பதறுற மாதிரி பேசுறான். "அய்யோ மேடம், சர்வர்ல உங்க புக்கிங் ஏறல, ஓனர் வேற ஆளுக்கு குடுத்துட்டாரு, உங்க பணம் மொத்தமும் இப்பவே ரீஃபண்ட் போட்டுர்றேன், ஒரு க்யூஆர் அனுப்புறேன் ஸ்கேன் பண்ணுங்க, மொதல் தவணை 4,999 வந்துரும்". ஸ்கேன் பண்ணேன், 4,999ன்னு வந்துச்சு, யூபிஐ பின் நம்பர் கேட்டுச்சு, போட்டேன். பணம் வரல, போச்சு. நான் பில்லிங் செக்‌ஷன்ல வேலை பாக்குறவ, தினம் நூறு டிரான்சாக்‌ஷன் பாக்குறேன், பணம் வாங்க பின் போட வேண்டியதே இல்லன்னு எனக்கு தெரியும், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அந்த வெயில்ல, அந்த பதட்டத்துல, போன பணம் திரும்ப வரும்ங்கிற ஒரே நினைப்புல கை தானா போட்டுருச்சு. தெரியாதவங்க தான் ஏமாறுவாங்கன்னு நினைக்காதீங்க. அழுதுட்டு இருக்கும்போது போனைத் தொடாதீங்க, அவ்ளோ தான் நான் சொல்றது. ரீஃபண்ட்டுன்னு எவன் க்யூஆர் அனுப்புனாலும் அது நம்மகிட்டேர்ந்து எடுக்குறதுக்குத் தான்.

மொத்தம் 18,999. என் சம்பளம் 21,000. ரோட்டோரம் ஒரு புளிய மரத்துக்கு அடியில நின்னு அழுதேன், அம்மா பாக்கக்கூடாதுன்னு முதுகைத் திருப்பிக்கிட்டு. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் ஒன்னுமே பண்ணல, அவனுக்கே திரும்பத் திரும்ப போன் போட்டுட்டு இருந்தேன், கெஞ்சி மெசேஜ் போட்டேன், அம்மாவுக்கு வயசாச்சுன்னு கூட எழுதுனேன். அந்த முக்கால் மணி நேரத்தை நினைச்சா தான் இன்னிக்கும் ஆத்தாமை. அந்த டீக்கடை அண்ணன் தான் வந்து "யம்மா, அவன்கிட்ட பேசி ஒன்னும் ஆகாது, 1930க்கு போடு"ன்னாரு. அவருக்கு ஏற்கனவே வந்த ரெண்டு ஃபேமிலியைப் பாத்த அனுபவம்.

1930 சைபர் க்ரைமுக்கான ஹெல்ப்லைன், எந்த ஊர்லேர்ந்தும் போடலாம், எந்த நேரமும் போடலாம். எனக்கு நாலாவது தடவை தான் லைன் கிடைச்சுது, வெச்சுட்டு போயிடாதீங்க, போட்டுட்டே இருங்க. தமிழ்ல தான் பேசுனாங்க. என்ன கேட்டாங்கன்னா என் பேரு, பேங்க், அக்கவுண்ட் நம்பர், எத்தனை தடவை அனுப்புனேன், ஒவ்வொன்னுக்கும் தேதி, நேரம், தொகை, அப்புறம் முக்கியமா ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் ஆப்ல வர்ற அந்த 12 இலக்க யூடிஆர் நம்பர், யாருக்கு போச்சோ அந்த யூபிஐ ஐடி. நான் ஒவ்வொன்னா ஆப்ல தேடித் தேடி சொல்ல பத்து நிமிஷம் வீணாச்சு, நீங்க போன் போடுறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, பேப்பர் இல்லன்னா பிஸ்கட் கவர்ல எழுதுங்க, நான் அதுல தான் எழுதுனேன். ஏன் அவசரம்னா, நம்ம பணம் போன அக்கவுண்ட்ல அது ரொம்ப நேரம் இருக்காது, அங்கேர்ந்து இன்னொன்னு, அங்கேர்ந்து இன்னொன்னுன்னு மாத்தி கடைசில கேஷா எடுத்துருவான். புகார் ஏறுன உடனே பணம் எந்த அக்கவுண்ட்ல நிக்குதோ அந்த பேங்க் அதை நிறுத்தி வைக்கும். நின்னா தான் நமக்கு. எனக்கு கடைசியா போன 4,999 முழுசா நின்னுச்சு, காலைல அனுப்புன 5,000ல 1,200 மட்டும் நின்னுச்சு, அதுக்கு முன்னாடி போனதெல்லாம் காலி. அந்த முக்கால் மணி நேரம் அழாம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் நின்னிருக்கும்.

போனை வெச்சதும் எஸ்எம்எஸ்ல ஒரு நம்பர் வந்துச்சு, 24 மணி நேரத்துக்குள்ள சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் போய் மிச்ச விவரத்தை ஏத்தணும்னாங்க. அப்புறம் தான் அம்மாகிட்ட போனேன். சொல்லலாமா வேணாமான்னு நடந்துட்டே யோசிச்சு, பெஞ்சுகிட்ட வந்ததும் எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். அம்மா பாட்டிலைத் திறந்து "மொதல்ல தண்ணி குடி"ன்னாங்க. குடிச்சேன். "ஆஸ்பத்திரில உங்கப்பாவுக்கு ஒரு நாளைக்கு இதை விட கட்டுனோம், பொழைச்சாரா? உடு. பாப்பாவுக்கு பசிக்கும்"னாங்க. அதுக்கு மேல அன்னிக்கி அவங்க பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. டீக்கடை அண்ணன் மூணு டீக்கும் ரெண்டு பன்னுக்கும் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. அந்த பன்னை பாப்பா டீல முக்கி முக்கி சாப்பிட்டா, அவளைப் பாத்துட்டு நானும் கொஞ்சம் பிச்சு சாப்பிட்டேன். ஏதோ ஒன்னு கொஞ்சம் தளர்ந்துச்சு நெஞ்சுக்குள்ள.

திரும்ப வர கேப் எல்லாம் போடல. பஸ் ஏறி திருவான்மியூர், அங்கேர்ந்து பறக்கும் ரயில்ல பீச் ஸ்டேஷன், ரயிலுக்கு மூணு பேருக்கும் சேத்து முப்பது ரூபா கூட ஆகல. ரயில்ல வரும்போது அம்மா திருவொற்றியூர்ல இருக்கிற எங்க பெரியம்மா பொண்ணுக்கு போன் போட்டாங்க. "துணி எல்லாம் எடுத்து வெச்சுட்டோம்டி, வீட்டுக்குப் போக மனசு வரல, ரெண்டு நாள் உன் வீட்டுக்கு வரட்டா?"ன்னு கேட்டாங்க. அக்கா அந்தப் பக்கம் சந்தோஷத்துல கத்துனது எனக்கே கேட்டுச்சு. அக்கா வீடு குப்பத்துல, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டி. மாமா ஃபைபர் போட்டுல தொழிலுக்கு போறவரு. ரோட்டைத் தாண்டுனா கல்லு, கல்லைத் தாண்டுனா கடல். இத்தனை வருஷத்துல அங்க நாங்க ஒரு ராத்திரி கூட தங்குனதில்ல, கல்யாணம் கருமாதின்னு போயிட்டு சாயங்காலமே வந்துருவோம்.

பீச் ஸ்டேஷன் எதிர்ல சாயங்காலக் கடை போட ஆரம்பிச்சிருந்தாங்க. அத்தோ சாப்பிட்டோம். அறுபதுகள்ல பர்மாலேர்ந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கூடவே கொண்டு வந்த சாப்பாடு அது, ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு வறுத்த எண்ணெய், மேல நொறுக்குன பேஜோங்கிற மொறுமொறு வடை, எல்லாத்தையும் அந்த அண்ணன் கையாலயே பிசைஞ்சு குடுப்பாரு. கூட வாழைத்தண்டு சூப்பு. அப்பா சம்பளம் வாங்குன அன்னிக்கி ஹார்பர்லேர்ந்து வரும்போது பார்சல் வாங்கிட்டு வருவாராம். அம்மா ரெண்டாவது தட்டு கேட்டாங்க. மூணு வருஷத்துல அம்மா எதையும் ரெண்டாவது தடவை கேட்டு நான் பாக்கல. அந்த தட்டைக் கையில வாங்கிக் குடுக்கும்போது தான் அன்னிக்கி மொத தடவையா, இந்த நாள் மொத்தமா போயிடலன்னு தோணுச்சு.

ராத்திரி மாடியில பாய் விரிச்சு படுத்தோம். பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு, நிலா வெளிச்சம் அப்படி. பிப்ரவரி மாசக் காத்து, போர்வை வேணும் போல. ரோட்ல கன்டெய்னர் லாரி ஒன்னு பின்னாடி ஒன்னா நிக்குது, ஹாரன் சத்தம், அதையும் மீறி அலை சத்தம். அழகான இடம்னு சொல்ல மாட்டேன், காத்து மாறுனா எண்ணூர் பக்கத்துலேர்ந்து கெமிக்கல் வாடை அடிக்கும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து படகு வலை எல்லாம் கருப்பானதை அக்கா இன்னும் சொல்லி சொல்லி மாஞ்சு போறா. அந்த ஜனங்களுக்கு கடல்னா லீவு நாள் இல்ல, சோறு. இதெல்லாம் தெரிஞ்சு தான் சொல்றேன், அந்த மாடி அன்னிக்கி எனக்கு சொர்க்கமா இருந்துச்சு.

கடல்ல ஹார்பருக்குள்ள போக காத்துட்டு நிக்கிற கப்பலோட லைட்டு வரிசையா. பாப்பா எண்ணுனா, பதினேழு. "அப்பா கப்பல் இதுல இருக்கா?"ன்னு கேட்டா. இல்லன்னு நான் சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா "இதே மாதிரி வேற ஊரு ஹார்பர் வெளிய அவனும் நிப்பான், அங்க ஒரு பாப்பா மாடியில படுத்துக்குனு எண்ணும்"னாங்க. பாப்பாவுக்கு அது ரொம்ப பிடிச்சுப் போச்சு. காலைல வெளிச்சம் வந்ததும் அம்மா அவளை கைப்பிடிச் சுவருக்கு இட்டுனு போய் கப்பலைக் காட்டுனாங்க. "அதோ அந்த கப்பல் கீழ சிகப்பு தெரியுது பாரு, தண்ணிக்கு மேல உசந்து நிக்குதா, அது காலி கப்பல். பக்கத்துல இருக்கே, சிகப்பே தெரியாம அமுங்கி, அதுல சரக்கு ரொம்பியிருக்கு. உங்க தாத்தா தூரத்துலயே பாத்துட்டு இன்னிக்கி நைட் ஷிஃப்ட் இருக்கும்னு சொல்லிடுவாரு". எனக்கு முப்பத்தெட்டு வயசு, ஹார்பர்காரர் பொண்ணு, எனக்கே இது தெரியாது. அப்பாவைப் பத்தி அழாம அம்மா பேசுனதும் அன்னிக்கி தான். நான் கொஞ்சம் தள்ளி நின்னு கேட்டுட்டு இருந்தேன், கிட்ட போனா நிறுத்திடுவாங்களோன்னு பயம்.

ஞாயித்துக்கிழமை விடிகாலைல மாமா என்னைய காசிமேடு இட்டுனு போனாரு. போறதா இருந்தா அஞ்சு அஞ்சரைக்கெல்லாம் அங்க இருங்க, ஏழு மணிக்கு மேல ஞாயித்துக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. ரப்பர் செருப்பு போட்டுக்கோங்க, பாத்திரமோ மூடி போட்ட டப்பாவோ கொண்டு போங்க. மீனோட செவுளைத் தூக்கிப் பாருங்க, நல்ல சிகப்பா இருக்கணும், வயித்துல விரலால அமுக்குனா குழி விழாம மேல எழும்பணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்ப விசைப்படகு போகாது, மீன் குறைவா இருக்கும், விலையும் ஏறும். வஞ்சிரத்துக்கு பக்கத்துலயே நான் போகல. காரப்பொடின்னு பொடி மீன், ஒரு கூறு நூறு ரூபா சொன்னாங்க, மாமா முகத்துக்கு எண்பதுக்கு குடுத்தாங்க. குடுத்த அம்மா "குழந்தை இருக்கா வூட்ல? இந்தா"ன்னு கூட ஒரு கை அள்ளிப் போட்டாங்க. அக்கா அதை மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு மட்டும் போட்டு முறுக்கா வறுத்தா, பழைய சோத்துக்கு அது. தட்டை வெச்சுக்கிட்டு மாடிப்படியில வரிசையா உக்காந்து சாப்பிட்டோம். முள்ளோட கடிச்சு சாப்பிடுற மீனு அது, பாப்பாவுக்கு முள்ளெடுத்து குடுக்குற வேலை கூட இல்ல.

மத்தியானம் உக்காந்து போர்ட்டல்ல புகாரை ஏத்துனேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு. அவனோட வாட்ஸ்அப் சாட் மொத்தத்தையும், பேஜோட லிங்க்கையும் முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சது நல்லதா போச்சு, ஏன்னா அதுக்குள்ள என்னை பிளாக் பண்ணி எல்லாத்தையும் மாத்திட்டான். கோபத்துல சாட்டை அழிச்சுடாதீங்க, அவனை நீங்களா பிளாக் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கோங்க. வேலை முடிஞ்சும் நான் போனையே பாத்துட்டு இருந்தேன், ஏதாச்சும் மெசேஜ் வருமான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை. அக்கா வந்து போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள்ள வெச்சுட்டா. "புகார் குடுத்தாச்சுல்ல? இனிமே அது அவங்க வேலை. நீ வந்து தலைய காட்டு, எண்ணெய் வெச்சு விடுறேன்"னா. எனக்கு யாரோ தலைக்கு எண்ணெய் வெச்சு விட்டு பத்து வருஷம் இருக்கும். விரலால உச்சியில அழுத்தி தேய்க்கிறா, ஜன்னல் வழியா உப்புக்காத்து வருது, அம்மா கீழ பாயில குறட்டை விட்டு தூங்குறாங்க. அப்பா படுத்ததுலேர்ந்து அம்மா பகல்ல அசந்து தூங்குனதே இல்ல. நான் சத்தம் வராம அழுதேன், அக்கா ஒன்னும் கேக்கல, எண்ணெய் தேய்ச்சுட்டே இருந்தா.

சாயங்காலம் பட்டினத்தார் கோயிலுக்கு நடந்தோம். அவர் சமாதி கடலைப் பாத்தாப்ல தான் இருக்கு. பேய்க்கரும்பு எந்த ஊர்ல இனிக்குதோ அந்த ஊர்ல தான் உனக்கு முக்தின்னு சொல்லி, அது இந்த ஒற்றியூர்ல வந்து இனிச்சுதாம், அம்மா பாப்பாவுக்கு கதை சொல்லிட்டே வந்தாங்க. வெளிய வந்து பட்டாணி சுண்டல் இருபது ரூபாய்க்கு வாங்கி மூணு பேரும் கல்லு மேல உக்காந்தோம். ஒரு விஷயம், இந்த கல்லு பக்கம் குழந்தைங்களை கூட்டிட்டு வந்தா மேல் கல்லோட நிறுத்திக்கோங்க. கீழ இருக்கிறதுல பாசி பிடிச்சிருக்கும், ஒரு வழுக்கு வழுக்குனா ரெண்டு கல்லுக்கு நடுவுல கால் மாட்டிக்கும், கல்லை ஒட்டி தண்ணி ஆழம் ஜாஸ்தி, அங்க இறங்கி குளிக்கவே குளிக்காதீங்க. அம்மாவுக்கு கால் நனைக்கணும்னு தானே ஆசை, மாமா ஒரு பக்கெட்ல கடல் தண்ணி மொண்டு கொண்டு வந்து வெச்சாரு. அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு காலையும் பக்கெட்டுக்குள்ள விட்டு, வெள்ளிக் கொலுசு போட்டிருந்த தழும்பு தெரியுற அந்தக் காலை மெதுவா ஆட்டிக்கிட்டு, எதிர்ல கடலைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. ரொம்ப நேரம். நான் போட்டோ எடுக்கல, போன் அரிசி டப்பாவுல இருந்துச்சு. ஆனா அந்த பக்கெட்டோட பச்சைக் கலர் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

திங்கக்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு பேங்குக்கு போனேன். நாமளே பின் போட்டு அனுப்புனதால பேங்க் அதுக்கு பொறுப்பாகாதுன்னு சொல்லிட்டாங்க, நமக்குத் தெரியாம யாராச்சும் எடுத்தா தான் மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா முழுசா கிடைக்கிற ரூல் எல்லாம்னு அப்ப சொன்னாங்க. ஆனாலும் எழுத்துல ஒரு லெட்டர் குடுத்து சீல் வெச்ச காப்பி வாங்கிக்கோங்க. நிறுத்தி வெச்ச பணம் தானா நம்ம அக்கவுண்ட்டுக்கு வந்துரும்னு நான் நினைச்சுட்டு இருந்தேன், வரல, எனக்கு அப்ப கோர்ட் ஆர்டர் வேணும்னாங்க. அதுக்கு ஸ்டேஷனுக்கு நாலு தடவை, கோர்ட்டுக்கு ரெண்டு தடவை, ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துட்டு நடந்தேன். பிப்ரவரியில போன பணத்துல 6,199 செப்டம்பர்ல வந்துச்சு. மிச்சம் 12,800 போனது போனது தான். நடுவுல "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் கட்டுங்க"ன்னு ரெண்டு போன் வந்துச்சு, அதுவும் அதே கூட்டம் தான், புகார் குடுத்தவங்களைத் தேடி வருவானுங்க, எவனுக்கும் ஒரு ரூபா கட்டாதீங்க.

இனிமே ரூம் புக் பண்றவங்க தயவுசெஞ்சு இதைப் பண்ணுங்க. போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டு தேடுங்க, அதே வீடு வேற ஊர் பேர்ல வந்தா விட்டுருங்க. வீடியோ கால் பண்ணி இப்பவே கேட்லேர்ந்து ஊஞ்சல் வரைக்கும் நடந்து காட்டுங்கன்னு கேளுங்க, நெட்வொர்க் இல்ல, ஆள் இல்லன்னு சாக்கு சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. பணம் அனுப்பும்போது ஆப்ல வர்ற பேரும் பில்லுல இருக்கிற பேரும் ஒன்னா பாருங்க, எனக்கு மூணு தடவையும் மூணு வேற வேற பேர் வந்துச்சு, பாத்தும் விட்டுட்டேன். ஆதார் காப்பியை வெச்சு யாரையும் நம்பாதீங்க, அது வேற எவரோ ஏமாந்தவங்களோட ஆதாரா கூட இருக்கும். அந்த ஏரியாவுல ஒரு டீக்கடை நம்பராவது மேப்புல தேடி எடுத்து போன் போட்டுக் கேளுங்க, நான் அதை மட்டும் பண்ணியிருந்தா அந்த அண்ணன் அன்னிக்கே சொல்லியிருப்பாரு. எல்லாத்துக்கும் மேல வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு பணம் அனுப்புங்க. சர்ப்ரைஸ் குடுக்கணும்னு நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல.

6,199 வந்த அன்னிக்கி அதுலேர்ந்து எடுத்து அக்காவுக்கு ஒரு புடவை, மாமாவுக்கு ஒரு நல்ல டார்ச் லைட், மீதி பாப்பா ஸ்கூல் பஸ்ஸுக்கு. டீக்கடை அண்ணனைப் பாக்க கோவளம் ஒரு தடவை போகணும், அந்த மூணு டீ காசு இன்னும் கடன் இருக்கு. அம்மா நேத்து சாயங்காலம் துணி மடிச்சுட்டே, பொங்கல் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போனா அவகிட்ட பாய் போதுமா, நாம ஒன்னு எடுத்துட்டுப் போகணுமான்னு கேட்டாங்க. ரெண்டு கோரைப்பாய் வாங்கி பரண்ல வெச்சிருக்கேன், பச்சைக் கலர் பக்கெட் ஒன்னும்.